துண்டுக்குள் பேசிய விலை

ஷேர் ஆட்டோ பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் ரோட்டில் ஏறியபோது, மடியில் கிடந்த துணிப்பைக்கு அடியில் செல்லக்கிளியின் கை முத்திருளனின் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து இரண்டு முறை அமுக்கியது.

பெண்டாட்டி புருஷன் கையைப் பிடிப்பதில் குற்றமில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஷேர் ஆட்டோவில் வைத்துப் பிடிப்பது மட்டும்தான் புதுசு. ஆனால் பிடித்த தினுசு சரியில்லை. கட்டைவிரல் அடியில் போய், கணுக்களை ஒன்றுசேர்த்து, நடுக்கணுவில் அழுத்தம் கொடுத்துப் பிடிப்பது மாட்டுச்சந்தைத் தரகர்களின் பிடி. தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைமேலும் விரித்துக்கொண்டு, வெளியே வானத்தைப் பார்த்து மழை வருமா என்று பேசிக்கொண்டே, உள்ளே விரலால் விலை பேசுவார்கள். மூன்று விரல் பிடித்தால் மூன்று. முழுக்கை என்றால் ஐந்து, அதோடு ஒரு விரலைத் தொட்டால் ஆறு. முத்திருளனின் அப்பா அந்தத் தொழிலில் மூன்று ஏக்கர் வாங்கினார், நான்கு ஏக்கர் விற்றார். முத்திருளன் அதை விட்டுவிட்டு அவனியாபுரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். செல்லக்கிளிக்குச் சந்தைப்பிடி தெரியாது. பெண்கள் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் இல்லை.

"என்ன அமுக்குற?" என்றான்.

"யாரு, நானா?" செல்லக்கிளி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊசி எனக்குப் போடப்போறாக. வேர்க்குறது ஒங்களுக்கு."

பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்தாள். முத்திருளனும் சிரித்து வைத்தான். காயில் கட்டிக் கட்டி, வார்னிஷில் ஊறி ஊறி அவன் விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. சூடான டீ கிளாஸை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு அரட்டை அடிப்பான். அந்த மூன்று விரலில் மட்டும் இப்போது உணர்ச்சி இருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் ஊசி போட்ட மரப்பு விடுகிற மாதிரி, மெதுவாக, வேண்டாத விருந்தாளியாக.

காளவாசலில் இறங்கினார்கள். மணி நாலரை. மேற்கே மேகம் கூடி, கடைகளுக்கு இன்னும் விளக்கு போடுகிற நேரமும் இல்லாமல், போடாமல் இருக்கிற வெளிச்சமும் இல்லாமல் கிடந்தது. லேபுக்குக் கீழே இருந்த பரோட்டாக் கடையில் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் அவர்களோடு மாடிப்படி ஏறியது. முதல் திருப்பத்தில் அந்தச் சத்தம் தேய்ந்தது. இரண்டாவது திருப்பத்தில் ஸ்பிரிட் வாடை வந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் பஸ் ஹாரன், கரண்டி, மனுஷப் பேச்சு எல்லாம் யாரோ துணி போட்டு மூடின மாதிரி அமுங்கி, சுவரில் ஒரு ஏசி மட்டும் சளி பிடித்தவன் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

செல்லக்கிளியின் கழுத்தில் வலப்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. சர்ஜன் கைவைத்துப் பார்த்து, தைராய்டுக் கட்டிதான், எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் ஊசி குத்தி உள்ளே இருக்கிற செல் என்ன ஜாதி என்று பார்த்துவரச் சொல்லியிருந்தார். போன வாரம் இதே இடத்தில் குத்தியபோது வெறும் ரத்தம்தான் வந்தது. கண்ணாடித் தட்டில் தேய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு தடவை வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"ரத்தம் மட்டும் நல்லா ஊறுது எனக்கு," என்றாள் செல்லக்கிளி, லேப் டெக்னீஷியன் ஆலனிடம். "பட்டறைக்கு மோட்டாரே வேண்டாம். என்னையப் போட்டா இறைச்சிரும்."

"இன்னைக்கு மெல்லிசு ஊசிக்கா. கொசு கடிச்ச மாதிரிதான்," என்றான் ஆலன்.

"எங்க ஊருக் கொசுவா, ஒங்க ஊருக் கொசுவா?"

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் முந்தானை இருவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தது. அதற்கடியில், மறுபடியும். இந்த முறை நான்கு விரல். முத்திருளன் கையை எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று தெரியும். துண்டுக்குள் கை விட்டபிறகு பதில் விலை சொல்லாமல் உருவினால், எதிராளி தன் விலைக்கே மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகலாம். சந்தைச் சட்டம். இது சந்தை இல்லை, லேப் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை கேட்கவில்லை. அது பிறந்த வீட்டுப் புத்தியில் அப்படியே கிடந்தது. பிடி தானாகத் தளர்ந்த பிறகுதான் மடிக்கு வந்தது.

டாக்டர் எஸ்தர் உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டி, பரீட்சைத்தாள் திருத்துகிற டீச்சர் போல உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் படிவத்துல முன்னாடி ஆபரேஷன் எதுவும் இல்லன்னு எழுதிருக்கு. ஆனா படுக்க வெக்கும்போது விலாப்பக்கம் பழைய தையல் தெரிஞ்சுச்சுன்னு ஆலன் சொல்றான். என்னம்மா அது?"

படிவத்தை எழுதினது முத்திருளன். அவன் வாய் திறப்பதற்குள் செல்லக்கிளி துணிப்பைக்குள் கை விட்டாள்.

"அதை இவுக மறந்திருப்பாக டாக்டர். கல்லு. கிட்னியில கல்லு. பன்னண்டு வருஷம் ஆச்சு. கல்லு பெருசாப் போனதால அந்தக் கிட்னியவே எடுக்க வேண்டியதாப் போச்சு. நீங்க கேப்பீகன்னுதான் கையோட கொண்டாந்தேன்."

மேஜைமேல் ஒரு தலைவலித் தைல பாட்டிலை வைத்தாள். உள்ளே பஞ்சுமெத்தை போட்டு, அதன்மேல் கல். பன்னிரண்டு வருஷமாக அது பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணம், சடங்கு, கீழக்குயில்குடித் திருவிழா என்று சொந்தபந்தம் கூடுகிற இடமெல்லாம் போய்வந்திருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்த அத்தனை பேரும் உச்சுக்கொட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பினார். சாம்பல் நிறம். கூரான முனை. ஒரு பக்கம் கறுப்பாகத் தார் ஒட்டியிருந்தது.

"அந்தக் கறுப்பு, ரத்தம் காஞ்சது," என்றாள் செல்லக்கிளி.

டாக்டர் சிரிக்கவில்லை. முத்திருளனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாட்டிலை இரண்டு கையாலும் அவளிடமே கொடுத்தார். "பத்திரமா வெச்சிருக்கீங்கம்மா. வாங்க, படுங்க."

அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தவன் தங்கப்பாண்டி, செல்லக்கிளியின் தம்பி. அப்போது ஆஸ்பத்திரி வாசலில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னதாப் பொறுக்கு மாப்ள, இம்புட்டுப் பெருசு கிட்னிக்குள்ள எப்படி இருக்கும் என்று முத்திருளன் சொன்னது நினைவிருக்கிறது. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வதில்லை என்று இரண்டு குடும்பத்து ஆண்களும் கூடி முடிவெடுத்தார்கள். மதுரையில் பாதி வீடுகளில் இப்படித்தான் அல்சர் என்றும் கல் என்றும் வாயு என்றும் ஒரு புனைபெயரில் அது குடியிருக்கிறது. யாரும் வாடகை கேட்பதில்லை.

கட்டிலில் படுக்கவைத்து, தோளுக்கடியில் தலையணை கொடுத்து, கழுத்தை நிமிர்த்தினார்கள். நெஞ்சிலிருந்து கால்வரை பச்சைத்துணி போர்த்தினான் ஆலன். "பயப்படுறாங்கன்னா நீங்க பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கங்க," என்றார் டாக்டர். முத்திருளன் துணிக்கு அடியில் கையை விட்டான். அவள் கை அங்கே இருந்தது. குளிர்ச்சியாக, சும்மா இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

"பேசக்கூடாது. முழுங்கக்கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

பின்னால் குழாய் இல்லாத ஊசி. கழுத்தில் இறங்கி, தைத்துக்கொண்டு நின்றது. டாக்டர் இரண்டு விரலால் அதை முன்னும் பின்னும் ஆட்டினார். ஊசியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிவப்பு மெல்ல ஏறியது. ஏசி இழுத்தது. ஆலன் கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைக்கிற சத்தம், சீட்டுக்கட்டுப் போடுகிற மாதிரி. டாக்டர் கையை எடுத்த ஒரு நொடியில் ஊசி தனியே நின்றது. மெதுவாக மேலே ஏறியது. இறங்கியது.

"முழுங்காதீங்கம்மா."

செல்லக்கிளி கண்ணால் இல்லை என்றாள்.

ஊசி மறுபடியும் ஏறி, இறங்கியது.

துணிக்கடியில் ஐந்து விரல்களும் சேர்த்துப் பிடிக்கப்பட்டன. முழுக்கை.

டாக்டர் ஊசியை உருவி, தட்டில் சொட்டி, இன்னொரு தட்டால் தேய்த்து, ஆலனிடம் நீட்டினார். பஞ்சை வைத்து அவளையே அமுக்கிக்கொள்ளச் சொன்னார். சாயம் போட்டு, பார்த்து, போதவில்லை என்றால் இன்னொரு தடவை எடுப்பதாகச் சொன்னார். படுத்திருங்கள், பத்து நிமிஷம்.

பத்து நிமிஷத்தில் முத்திருளனை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் இருக்கிறதை டிவிப்பெட்டியில் காட்டுகிற வசதி வைத்திருந்தார்கள். திரை முழுக்க ஊதா. நடுநடுவே வட்ட வட்டமாக, வயிறு ஊதி, உள்ளே ஒன்றுமில்லாதது போல வெளுத்துப்போன செல்கள். அவற்றுக்கு நடுவில் மெல்லிசாக ரத்தக்குழாய், கிழங்குக்கு வேர் போல.

"தைராய்டு செல்லு இப்படி இருக்காது," என்றார். "அதுக நம்ம தெருக்காரங்க மாதிரி, பாத்த உடனே முகம் தெரிஞ்சிரும். இதுக தெருக்காரங்க இல்ல. வேற எங்கயோ பொறந்து, ரத்தத்துல ஏறி வந்து இங்க குடியேறுனவங்க. எந்த ஊருன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நீங்க சொல்லணும்."

"கல்லுதான் டாக்டர்."

"அண்ணே, அது ரோட்டுல போடுற ஜல்லி."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாக இருக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. வெட்கம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

"சில நோய் பன்னண்டு வருஷம் கழிச்சும் வரும். செத்துப்போச்சுன்னு நாம நினைச்சிட்டிருப்போம். சந்தேகம்னு நான் எழுதிக் குடுக்கலாம். சந்தேகத்துக்கு மருந்து கிடையாது. முதல்ல இருந்து தேடுவாங்க, வேற சாயம் போடத் தட்டு சென்னைக்குப் போகும், மாசம் ஒண்ணு ஓடிரும். அந்த மாசம் அவங்களுக்கு இருக்கான்னு தெரியல. பழைய ரிப்போர்ட்டுல அந்தப் பேரு இருந்தா நாளைக்கே வைத்தியம் ஆரம்பிக்கலாம். எந்த ஆஸ்பத்திரி?"

"மூடிட்டாக. இப்ப கல்யாண மண்டபம்."

"ரிப்போர்ட்டு?"

"மச்சினன் வீட்டுப் பரண்ல."

"போன் பண்ணுங்க. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இல்லேன்னா வாயால சொல்லுங்க, அது போதும்."

வாயால். அது ஒன்றுதான் முத்திருளனால் முடியாதது. பயந்தவன் என்று டாக்டர் நினைத்திருப்பார். அது பயம் மட்டும் இல்லை. ஒப்பந்தம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்ஜன் வெளியே வந்து, எடுத்த கிட்னியைக் கிண்ணியில் காட்டினார். எல்லா ஆஸ்பத்திரியிலும் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார்கள், மிச்சம் வைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. பிறகு அதைப் பச்சைத்துணியால் மூடி, கீழே லேபில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அவன் கையிலேயே தந்தார்கள். இரண்டு மாடி. லிஃப்ட் ரிப்பேர். முதல் திருப்பத்தில் ஆளில்லை. கிண்ணி ஆடாமலிருக்க வலக்கையைத் துணிக்குள் விட்டு விளிம்பைப் பிடித்தான். அப்படி நிற்கும்போது கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. துணி, துணிக்கடியில் கை, எதிரே ஒரு சரக்கு. யோசிக்கவே இல்லை. ஐந்து விரலையும் சேர்த்து நீட்டினான். ஐந்து. ஐந்து வருஷமாவது விட்டுவை.

உள்ளே எதுவோ அவன் விரல்களைப் பிடித்தது. முழுக்கை, அதற்குமேல் இரண்டு. ஏழு.

நான்கு என்றோ மூன்று என்றோ இறக்கும் என்று எதிர்பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டதுக்குமேல் தானாகவே ஏற்றுகிற வியாபாரியை அவன் அதுவரை கண்டதில்லை. உடனே ஒன்பது என்றான். உள்ளங்கையில் ஒரு தட்டு. முடிந்தது. நரம்பு துடிப்பு, தூக்கமில்லாத உடம்பு என்று சொல்லிக்கொண்டே லேபில் கிண்ணியைக் கொடுத்தான். ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. துண்டுக்குள் பேசியதை வெளியே சொன்னவன் மாட்டை இழப்பான். ஒன்பது வருஷம் முடிந்த அன்று ராத்திரி முழுக்க விழித்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மூன்று வருஷம் கொசுறு. தன்னைப்போல் கெட்டிக்காரன் சந்தையிலேயே கிடையாது என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டான்.

போனை எடுத்தான். தங்கப்பாண்டி முதல் மணியிலேயே பேசினான்.

"சொல்லுங்க மச்சான். அக்காவுக்கு ஊசி போட்டாகளா? என்னைய வையப்போகுதா, ஒங்களையா?"

"அந்தப் பழைய ஃபைலு…"

வீட்டு முன்கட்டிலேயே அவன் வைத்திருக்கும் உரக்கடையில் தராசுத் தட்டு ஆடுவது மட்டும் கேட்டது.

"கேக்குறாகளா?"

"ம்."

"மறச்சது போதும் மச்சான். பரண்ல ஏறி அஞ்சு நிமிசத்துல போட்டோ புடிச்சு அனுப்புறேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

முத்திருளன் வாயைத் திறந்தான். பக்கத்து அறையில், கதவு வழியே, பச்சைத்துணி தெரிந்தது. துணியின் நடுவில் லேசாக மேடு. மேடு அசைந்தது.

"கூப்பிடுறேன் மாப்ள," என்று வைத்துவிட்டான்.

டாக்டர் அவனையே பார்த்தார். கோபப்படவில்லை. "சரி. அப்ப ஸ்கேன் வெச்சுப் பாத்து, வேற இடத்துல எடுக்குறேன். ஒரு கட்டியா, ரெண்டான்னும் தெரியும். அதுக்குள்ள யோசிங்க. அவங்க உடம்புண்ணே அது. ஒங்களுது இல்ல."

வெளியே முதல் தூறல் ஜன்னல் தகரத்தில் விழுந்தது. கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பீப் என்றது. ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிய, ஸ்கேன் பெட்டியின் திரை சாம்பல் வெளிச்சத்தை அவர்கள் முகத்தில் அடித்தது. செல்லக்கிளியின் கழுத்தில் பசையைத் தடவி, டாக்டர் கருவியை வைத்து நகர்த்தினார். ஆலன் எழுதினான்.

"என்ன டாக்டர், உள்ள கல்லு இருக்கா?" என்றாள் செல்லக்கிளி, கண்ணை மூடிக்கொண்டே.

"பேசாதீங்கம்மா. ஆலன், வலது பக்கம், ஒண்ணு பெருசு. அதுக்குக் கீழ ஒண்ணு. ரெண்டு. நடுவுல ஒண்ணு, மூணு."

திரையில் கறுப்புக் கறுப்பாகக் குழிகள். சேற்றில் மாட்டுக்குளம்பு பதிந்த மாதிரி.

"இடது பக்கம். நாலு. அஞ்சு. பக்கத்துலயே ஆறு."

முத்திருளன் எதையும் எண்ணவில்லை. காது தானாக எண்ணியது.

"நிணநீர்க் கட்டியா இதுக? ஏழு. எட்டு." கருவி கழுத்தெலும்புக்கு மேலே வந்து நின்றது. "ஒன்பது. அவ்வளவுதான். ஒன்பது."

ஒன்பது.

அப்பா சந்தைக்குப் புதுசாக வருகிறவர்களிடம் சொல்வார், துண்டைப் போடும் முன்னாலேயே எதைப் பேசுகிறோம் என்று வாயால் பேசிவிட வேண்டும் என்று. ஒரு விரல் என்றால் நூறா, ஆயிரமா, கன்றும் சேர்த்தா. உள்ளே போனபிறகு விரலுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். அவன் வாயால் எதுவும் பேசவில்லை. வருஷம் என்று அவன் நினைத்தான். அது அப்படி நினைக்கவில்லை, கட்டியைத்தான் எண்ணியது. அதனால்தான் ஐந்து கேட்டவனுக்கு ஏழு என்றது. அதனால்தான் ஒன்பது என்றதும் சந்தோஷமாகத் தட்டியது.

அவன் கேட்கவில்லை. விற்றிருக்கிறான்.

உடம்பு முழுக்க விரல் நுனிபோல மரத்திருந்தது. சொல்லிவிட வேண்டும். ஒரே வார்த்தை. மாடு போனால் போகட்டும். ஏற்கெனவே போன மாடு. டாக்டர் இரண்டாவது ஊசியைக் குத்தி, ஆட்டி, உருவினார். பஞ்சில் ரத்தம் நிற்கவில்லை.

"ஆலன், தட்டு. அண்ணே, கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கங்க, துடிக்கிறாங்க."

அவன் துணிக்குள் கை விட்டான். பிடி கிடைத்தது. சூடான பிடி.

"டாக்டர்," என்றான். குரல் வந்தது. "அந்த ரிப்போர்ட்டுல…"

"சொல்லுங்க."

"அந்த ரிப்போர்ட்டுல என்ன போட்டிருந்துச்சுன்னா…"

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கப்பாண்டிதான். டாக்டர் கருவியை இடது பக்கம் வைத்தபடி அவனைப் பார்த்தார். செல்லக்கிளி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"சொல்லுங்களேன்," என்றாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "என்னன்னுதான் நானும் கேட்டுக்கிறேன்."

"அம்மா, பேசாதீங்க. ரத்தம் வருது. பஞ்சை நல்லா அமுக்குங்க. ரெண்டு கையாலயும்."

"ரெண்டு கையாலயும்தான் டாக்டர் அமுக்குறேன்."

முத்திருளன் பார்த்தான்.

இன்வெர்ட்டர் விளக்கு. ஈரப் பஞ்சு. வலப்பக்கக் கழுத்தில் அவளுடைய இரண்டு கைகளும். வளையல் போட்ட கை. வாட்ச் கட்டிய கை. பத்து விரல். ஒவ்வொன்றாக எண்ணலாம்.

துணிக்கு அடியில் அவன் கையைப் பிடித்திருந்தது விடவில்லை.

ஆலன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றான். டாக்டரின் ஒரு கையில் கருவி, ஒரு கையில் பசை. வேறு யாரும் இல்லை.

பிடி இறுகியது. ஐந்து விரலும். முழுக்கை. விட்டது. மறுபடியும் முழுக்கை. மறுபடியும். மறுபடியும். அவசரம் இல்லாமல். நாள் முழுக்க சந்தையில் உட்காரத் தயாரானவனின் நிதானத்தோடு. இருபது என்றது. இருபத்தைந்து என்றது. முப்பது.

"அண்ணே, என்ன போட்டிருந்துச்சு?"

வாயைத் திறந்தால் மாடு போகும். கையை உருவினால் முப்பதுக்கே விலை முடிந்துவிடும். பதில் சொல்ல வேண்டும். எதிராளி சொன்னதில் அடிமட்டத்துக்கு இறக்கிச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவன் உதடுகள் அசையவில்லை. கண் அசையவில்லை. மரத்துப்போன கையில் ஆள்காட்டி விரல் மட்டும், வேறு யாருடையதோ போல, மெல்ல நிமிர்ந்தது.

ஒன்று.

உள்ளங்கையில் ஒரு தட்டு.

"இருங்க," என்றார் டாக்டர். திரைக்கு அருகில் குனிந்தார். கருவியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். "இப்ப இந்த இடத்தைப் பாத்தேனே. ஆலன், ஒன்பதை அடிச்சிட்டு பத்துன்னு எழுது."

செல்லக்கிளி இன்னும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கு அடியில் அந்தக் கை விரிந்து, அவன் விரலைத் தடவித் தேடி, அடுத்த விலைக்காகக் காத்திருந்தது.